மாணவ விமானிகளுக்கு இறங்கும்போதுதான் ஏன் விபத்து? திமிலைதீவு ஓடுபாதை பற்றியும் ஒரு கேள்வி

வாவிக்கரை எழுதியது:

வணக்கம். என் தம்பி இரத்மலானையில் விமானம் ஓட்டப் படிக்கிறான். முதல் சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியே பறப்பது, முடிந்துவிட்டது. அடுத்தது தனியே வேறு ஊர்களுக்குப் பறந்து, இறங்கி, திரும்பி வரும் கட்டம். அதில் ஒரு இடம் மட்டக்களப்பாகவும் இருக்கலாம் என்கிறான். அம்மாவுக்கு அது சந்தோஷமான செய்திதான். ஆனால் எங்காவது "பயிற்சி விமானம் விபத்து" என்று ரேடியோவில் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நேரே மாமாங்கம் கோவிலுக்குப் போய்விடுவார்.

நானும் கொஞ்சம் தேடி வாசித்தேன். மாணவர்களின் விபத்துகளில் இறங்கும் நேரத்தில் நடப்பவைதான் அதிகம் என்று பல இடங்களில் இருக்கிறது. ஏன் அப்படி? அதோடு மட்டக்களப்பில் விமானம் இறங்கும் திமிலைதீவு ஓடுபாதையைச் சுற்றிவர வாவி. அதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஒன்றும் நடக்காது" என்ற ஆறுதல் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

கல்லடிக்காற்று எழுதியது:

தங்கச்சி, நான் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றைப் பிரித்து வையுங்கள். தகரம் நெளியும் விபத்து வேறு, ஆள் போகும் விபத்து வேறு. செய்தி இரண்டுக்கும் ஒரே தலைப்புத்தான் போடும். மாணவர்களின் லேண்டிங் விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகை. துள்ளி விழுவது, மூக்குச் சக்கரம் முதலில் குத்துவது, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போவது. பொடியனோ பிள்ளையோ தானே கதவைத் திறந்து இறங்கி வந்து, ப்ரொப்பெல்லர் வளைந்திருப்பதைப் பார்த்து அழும். அவ்வளவுதான்.

ஏன் இறங்கும்போது என்றால், மற்ற நேரமெல்லாம் விமானம் பிழையை மன்னிக்கும். மூவாயிரம் அடியில் மூக்கு கொஞ்சம் ஏறி இறங்கினால் யாருக்கும் தெரியாது. இறங்கும் கடைசிப் பத்து விநாடியில் வேகம், உயரம், மூக்கு நிற்கும் கோணம், காற்று, ஓடுபாதையின் நடுக்கோடு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டும். கை இன்னும் பழகவில்லை.

அதிலும் வேகம்தான் எனக்கு முதல் எதிரி. செஸ்னா 172 என்ற சிறிய விமானம் முழு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) போட்டு 60 முதல் 70 நொட்டுக்குள் வரவேண்டும். 65 என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர். பயத்தில் பிள்ளைகள் பத்து வீதம் கூட்டிக்கொண்டு வருவார்கள், "கூட இருந்தால் பாதுகாப்புத்தானே" என்று. வேகம் பத்து வீதம் கூடினால் கரைக்கவேண்டிய சக்தி இருபத்தொரு வீதம் கூடும், அது வர்க்கக் கணக்கு. கரையாத அந்தச் சக்தியோடு விமானம் தரைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். இறக்கை நீளம் சுமார் 11 மீட்டர். அந்த உயரத்துக்குள் வந்துவிட்டால் தரையின் விளைவால் இழுவை குறையும், மிதப்பு இன்னும் நீளும். ஓடுபாதை ஓடிக்கொண்டிருக்கிறது, விமானம் இறங்கவில்லை. பொறுமை போய், விமானத்தை ஓட்டும் கைப்பிடியை முன்னுக்குத் தள்ளுவார்கள். மூக்குச் சக்கரம் குத்தும். துள்ளும். திரும்பத் தள்ளுவார்கள். அடுத்த துள்ளல் முந்தியதைவிட மோசமாக இருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு மருந்துதான். முதல் துள்ளலிலேயே, அல்லது அதற்கும் முன்னால் மிதக்கத் தொடங்கும்போதே, முழு த்ரொட்டில் கொடுத்து மேலே போய்விடவேண்டும். கோ-அரவுண்ட். மறுகா ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். உங்கள் தம்பியிடம் "நல்லா இறங்கினியா" என்று கேட்கவேண்டாம். "இன்றைக்கு எத்தனை தரம் மேலே திரும்பிப் போனாய்" என்று கேளுங்கள்.

வயல்வரம்பு எழுதியது:

சம்மாந்துறையிலிருந்து. கல்லடி அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பழி முழுக்கப் பிள்ளையின் தலையில் வந்து விழுகிறதே? அவனைத் தனியே போ என்று விட்டது யார்? மிதக்கும்போது தள்ளக்கூடாது என்று கை பழகாத பிள்ளையை ஏன் சோலோ விட்டார்கள்? நம்ம ஊரில் கார் ஓட்டப் பழக்குகிறவனும் அப்படித்தான். காசு வாங்கின நாளுக்குள் முடித்து அனுப்பினால் சரி.

இன்னொன்று. திமிலைதீவு 1958 இல் திறந்த விமான மைதானம். 1983 இல் விமானப்படை எடுத்தது, 2016 இல் புதுப்பித்துத் திரும்பத் திறந்தார்கள். ஆனாலும் கிழக்குப் பிள்ளை படிக்க இரத்மலானைக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அங்கே கொழும்பு விலையில் அறை வாடகை, சாப்பாடு. அந்தச் செலவுக்கும் சேர்த்துத்தான் இவர்கள் அவசரப்படுகிறார்கள்.

செட்டிபாளையம்_பொடியன் எழுதியது:

நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறவன். நானா சொன்ன காசு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் கல்லடி சேர் சொன்ன கோ-அரவுண்டுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு. வீட்டில் நகை அடகில் இருக்கிறது. அம்மா கேட்பது "இன்றைக்கு எத்தனை லேண்டிங்". கோ-அரவுண்ட் ஒன்று போனால் இன்னொரு முழுச் சுற்று, இஞ்சின் மணிக்கூடு ஓடிக்கொண்டேயிருக்கும். அதைவிட வெட்கம் வேறு. கீழே மற்றப் பொடியன்கள் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். மேலே திரும்பிப் போனால் "என்ன மச்சான், ஓடுபாதையைக் காணலையா?" என்பார்கள். அந்தப் பகிடிக்குப் பயந்து கெட்ட அப்ரோச்சை (இறங்க நெருங்கி வருவதை) பிடித்துத் தொங்குகிறவர்கள் நிறைய. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

சோலோவில் இன்னொரு விஷயம். பக்கத்துச் சீட்டில் பயிற்றுநர் இல்லாததால் விமானம் பாரம் குறைந்து இருக்கும். முந்தியைவிடச் சுறுக்காக ஏறும், இறங்கும்போது கூட மிதக்கும். சொல்லித்தான் விடுவார்கள். ஆனாலும் அந்த முதல் தரம் கை ஆச்சரியப்படும்.

வயல்வரம்பு எழுதியது:

தம்பி, நான் கேட்டதற்குத்தான் நீ சாட்சி சொல்லியிருக்கிறாய். நன்றி.

கல்லடிக்காற்று எழுதியது:

நானா, பயிற்றுநரைக் காப்பாற்ற நான் வரவில்லை. நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

கெட்ட பயிற்றுநர் சீக்கிரம் சோலோ விடுகிறவர் மட்டும் இல்லை. அதைவிடக் கெட்டவர், ஒவ்வொரு தரையிறக்கத்திலும் பிடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு தானே திருத்திவிடுகிறவர். பிள்ளைக்குத் தான் நன்றாக இறக்குவதாகத் தோன்றும். இறக்கியது அவர். சோலோ அன்றைக்கு அந்த இரண்டு விரல் இல்லை. சோலோவுக்கு இத்தனை மணித்தியாலம் என்று கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கெட்ட துள்ளல் ஒன்றிலிருந்து யாரும் கை வைக்காமல் தானே மீண்டு மேலே போனானா என்பதுதான் பார்க்கவேண்டியது. நல்ல பயிற்றுநர் வேண்டுமென்றே சில அப்ரோச்சைக் கெடுத்துக் கொடுப்பார், என்ன செய்கிறான் என்று பார்க்க.

பொடியன் சொன்ன பகிடி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. என்னிடம் படித்தவர்களுக்கு நான் வைத்த சட்டம், 300 அடியில் வேகமோ நடுக்கோடோ சரியில்லை என்றால் யோசிக்கவே கூடாது, மேலே போ. யோசிக்க நேரம் கொடுத்தால் வெட்கம் வந்து உட்கார்ந்துவிடும்.

உகணைப்பக்கம் எழுதியது:

நான் ஹங்கருக்குள் நிற்கிறவன், விமான இயந்திரப் பராமரிப்பு. அம்பாறைதான் ஊர். ஓட்டுகிறவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன்.

செஸ்னாவின் பின் கால்கள் இரண்டும் வளைந்து நிமிரும் உருக்கு. பலமாக விழுந்தாலும் தாங்கும், ஆனால் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும், துள்ளுவது அதனால்தான். மூக்குக் கால் அப்படி இல்லை. அது இஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரோடு பிணைத்திருக்கிறது. மூக்கில் குத்தினால் அந்தச் சுவரில் மடிப்பு விழும். வெளியில் இருந்து பார்த்தால் விமானம் சுகமாகத்தான் நிற்கும். பிள்ளை "கொஞ்சம் ஹார்ட் லேண்டிங் சேர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும், சிலது அதையும் சொல்லாது. இஞ்சின் மூடியான கவ்லிங்கைக் கழற்றி லைட் அடித்துப் பார்த்தால்தான் ரிவெட் வரிசை நெளிந்திருப்பது தெரியும்.

ப்ரொப்பெல்லர் நிலத்தில் தட்டினால் கதை இன்னும் பெரிது. சுழன்றுகொண்டிருந்த இஞ்சின் சடாரென்று அடி வாங்குகிறது. பிளேடை மட்டும் மாற்றிப் போட்டு ஓடமுடியாது. இஞ்சினைப் பிரித்து கிராங்க் ஷாஃப்டைச் சோதிக்கச் சொல்லி உற்பத்தியாளரே அறிவுறுத்தியிருக்கிறார். செலவைக் கேட்டால் உரிமையாளர் தண்ணீர் கேட்பார்.

ஆகவே வாவிக்கரை அக்கா, உங்கள் தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான். பலமாக விழுந்தால் மறைக்காமல் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்ததாக அதில் ஏறப்போவது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தடுப்புச் சுவர் விஷயத்தைத் தம்பிக்கு அனுப்பினேன், "தெரியும்" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அவன் எப்போதும் அப்படித்தான்.

இரண்டு கேள்வி பாக்கி. கல்லடி அண்ணன் ஆள் போகும் விபத்து வேறு என்றீர்கள், அது எது? மற்றது, எங்கள் ஓடுபாதை பற்றி யாரும் சொல்லவில்லை.

கல்லடிக்காற்று எழுதியது:

இரண்டையும் சேர்த்தே சொல்லலாம், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்பது காற்று.

திமிலைதீவு ஓடுபாதை 06/24, அதாவது வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு நீளம். செஸ்னா 172 க்கு 50 அடித் தடையைத் தாண்டி இறங்கி நிற்கக் கையேட்டுக் கணக்குப்படி சுமார் 400 மீட்டர் போதும். ஆகவே நீளம் பிரச்சினையே இல்லை. "வாவிக்குள் போய்விடுவானோ" என்ற பயத்தை அம்மா விட்டுவிடலாம். பிள்ளைகள் ஓடுபாதையின் முடிவில் போவதைவிடப் பக்கத்தால் போவதுதான் அதிகம்.

பக்கத்தால் போகச் செய்வது பக்கக்காற்று. கச்சான் காற்று நேர் மேற்கிலிருந்து, அதாவது 270 பாகையிலிருந்து, 20 நொட் அடிக்கிறது என்று வையுங்கள். 24 ஓடுபாதை என்றால் 240 பாகைத் திசை, அதற்கும் காற்றுக்கும் 30 பாகை வித்தியாசம். 30 பாகைக்குப் பாதி என்பது எங்கள் கைக்கணக்கு, ஆகவே பக்கக்காற்று 10 நொட். செஸ்னா 152 இன் கையேட்டில் காட்டிய பக்கக்காற்று அளவு 12, 172 இல் 15. சோதனை விமானி செய்து காட்டிய அளவு அது, சோலோ மாணவனுக்குப் பாடசாலை அதைவிடக் குறைவாகத்தான் வைக்கும். அப்படியானால் 10 என்பதே யோசிக்கவேண்டிய எண். கச்சான் காலத்தில் இன்னொரு விளையாட்டும் உண்டு. காலையில் மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும், மத்தியானம் தாண்ட கடற்காற்று எதிர்ப்பக்கமாக எழும்பி வரும். புறப்படும்போது கேட்ட காற்றை நம்பி வரக்கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைத் திரும்பக் கேட்கவேண்டும், காற்றுப்பையைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

சக்கரம் தொட்டதும் பிள்ளைகள் "அப்பாடா" என்று கையைத் தளர்த்துவார்கள். விமானம் அந்த நேரம்தான் காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பப் பார்க்கும். ஐலிரோனை (இறக்கையைச் சாய்க்கும் தகடு) காற்றுப் பக்கம் வைத்தபடி, காலால் மிதிக்கும் வால் சுக்கானான றடரால் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும், நடந்துபோகும் வேகத்துக்கு வரும்வரை. கண் எங்கே பார்க்கவேண்டும் என்றும் கேட்பார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது முன் ரயரைப் பார்த்து ஓட்டுவதில்லையே, அப்படித்தான், தூரத்து முனையைப் பார்க்கவேண்டும்.

சரி, ஆள் போகும் விபத்து. அது ஓடுபாதையில் நடப்பது குறைவு. ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதைக்கு நேரே வரும் கடைசிப் பகுதிக்குக் கிறுகும் இடத்தில் நடக்கிறது. 06 இல் இறங்க இடப்பக்கச் சுற்று வருகிறான் என்று வைப்போம், வாடை நன்றாக வடக்கிலிருந்து அடிக்கிறது. ஃபைனலுக்கு முந்திய குறுக்குப் பகுதியான பேஸ் லெக்கில் காற்று முதுகில் தள்ளும். நினைத்ததைவிட வேகமாக ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிடுவான். இப்போது கோட்டுக்குத் திரும்பி வர ஆசை. கூடச் சாய்க்கப் பயம், ஆகவே காலால் இடது றடரை மிதித்து மூக்கை இழுப்பான். மூக்கு கீழே போகும், பிடியைப் பின்னுக்கு இழுப்பான். உயரம் ஐந்நூறு அடி அளவு. வேகம் குறைந்த நிலையில் ஒரு இறக்கை முந்திக்கொண்டு தூக்குவிசையை இழந்தால் விமானம் புரண்டு சுழலும். மீள உயரம் போதாது. உலகம் முழுக்க நடக்கும் சாவு இது, மாணவன் மட்டுமில்லை, அனுபவக்காரரும் இதில் போயிருக்கிறார்கள்.

இதற்கும் மருந்து அதேதான். கோட்டைத் தாண்டிவிட்டதா, தாண்டட்டும். மேலே போ.

செட்டிபாளையம்_பொடியன் எழுதியது:

சேர், கோ-அரவுண்டிலேயே விபத்து நடக்கிறதே? எங்களுக்குக் காட்டிய அறிக்கை ஒன்றில் துள்ளின பிறகு முழு த்ரொட்டில் கொடுத்துத்தான் இடப்பக்கம் புல்லுக்குள் போனது.

கல்லடிக்காற்று எழுதியது:

நல்ல கேள்வி. முழு பவர் கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது றடர் அந்தக் கணமே வேண்டும். கை முன்னுக்குப் போகும்போது வலது காலும் சேர்ந்து போகவேண்டும். இரண்டாவது பிழை, ஃபிளாப்பை ஒரே இழுவையில் முழுக்க உள்ளே எடுப்பது. தூக்குவிசை போய் விமானம் திரும்பத் தரையில் அமரும். 172 இல் முதலில் 20 பாகைக்கு, பிறகு வேகம் ஏற ஏற மிச்சம். மூன்றாவது, முழு ஃபிளாப்புக்காகப் பின்னால் சரிசெய்து வைத்த ட்ரிம், அதாவது கையில் பிடியின் பாரம் தெரியாமல் வைக்கும் அமைப்பு. பவர் ஏறியதும் மூக்கு தானாக மேலே தூக்கும், முன்னுக்குத் தள்ளிப் பிடிக்கவேண்டும். ஆகவே கோ-அரவுண்டை லேண்டிங் எத்தனை தரம் பழகுகிறீர்களோ அத்தனை தரம் பழகவேண்டும். பழகாமல் ஆபத்தில் முதல் தரம் செய்தால் நீ வாசித்த அறிக்கைதான்.

எங்கள் பக்க வெயிலையும் கணக்கில் எடுங்கள். மத்தியானம் 34 பாகை என்றால், கடல்மட்டத்தில் நியம வெப்பம் 15, வித்தியாசம் 19. ஒரு பாகைக்குச் சுமார் 120 அடி. கடலோரத்தில் நின்றாலும் விமானம் சுமார் இரண்டாயிரத்து முந்நூறு அடி உயரத்தில் நிற்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். மேலே ஏறுவது மந்தமாக இருக்கும். காலை வேளையில் வந்து போவது நல்லது.

வயல்வரம்பு எழுதியது:

அப்படியென்றால் கந்தளாய்ப் பக்கம் 2020 டிசம்பரில் விழுந்ததும், 2023 ஆகஸ்டில் சீனன்குடாவில் விழுந்ததும் இந்த ஃபைனல் கதைதானா?

உகணைப்பக்கம் எழுதியது:

இல்லை நானா, கலக்கவேண்டாம். அவை இரண்டும் விமானப்படையின் பிடி-6 (PT-6) பயிற்சி விமானங்கள். 2020 இல் பயிற்சி விமானி ஒருவர் இறந்தார், அது ஓடுபாதையில் நடந்ததில்லை. 2023 இல் இருவர், சீனன்குடாவில் கிளம்பிய சற்று நேரத்தில். லேண்டிங் இழையில் அவற்றை வைத்துக் கணக்குப் பார்த்தால் பிழையான பாடம்தான் வரும்.

நெறியாளர் எழுதியது:

இறந்தவர்களின் படங்கள், பெயர்கள் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அவர்களின் வீட்டார் இந்த மாகாணத்தில்தான் இருக்கலாம். கட்டணம், கடன் பற்றிய கேள்விகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறது.

செட்டிபாளையம்_பொடியன் எழுதியது:

அக்காவுக்கு ஒரு தகவல். தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலம், அங்கீகரித்த பாடநெறி என்றால் 35. அதற்குள் தனியே 270 கிலோமீட்டர் பறந்து, வழியில் இரண்டு வேறு மைதானங்களில் முழுதாக இறங்கி நிற்கவேண்டும். தம்பி சொன்ன கட்டம் இதுதான். இதுவரை அவன் கண்ணுக்குப் பழகியது இரத்மலானை ஓடுபாதையின் அகலம். வேறு அகலத்தைக் கண்டால் கண் உயரத்தைப் பிழையாகச் சொல்லும். ஒடுங்கிய ஓடுபாதை, "நான் உயரத்தில் இருக்கிறேன்" என்று ஏமாற்றும். அதோடு அடையாளம் ஒன்றும் இல்லாத தண்ணீருக்கு மேலால் வரும்போதும் அதே ஏமாற்றுத்தான், தெரியாமல் தாழ்ந்து வருவோம். கண்ணை மட்டும் நம்பாமல் உயரமானியையும் பார்க்கச் சொல்லுங்கள். அவன் "தெரியும்" என்பான், பரவாயில்லை.

வாவிக்கரை எழுதியது:

"தெரியும்" என்றுதான் சொன்னான்! அவன் வரும் நாளில் அம்மாவும் சித்தி வீட்டாரும் வலையிறவுப் பக்கம் நின்று பார்க்கப் போகிறார்களாம். வீடியோ எடுக்கவேண்டுமாம். விடலாமா?

கல்லடிக்காற்று எழுதியது:

நிற்கட்டும், ஆனால் அவனுக்குச் சொல்லவேண்டாம். வீட்டார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மேலே திரும்பிப் போகவேண்டிய இடத்தில் போகமாட்டான். புறப்படும் காலையில் போன் எடுப்பதையும் தவிருங்கள். இறங்கி, இஞ்சினை நிறுத்தி, கையெழுத்து வாங்கிய பிறகு அவனே எடுப்பான்.

வயல்வரம்பு எழுதியது:

அப்போ வீடியோவை எங்களுக்கும் போடுங்கள் தங்கச்சி. ஒரு சுற்று மேலே போய் வந்தாலும் வெட்டாமல் போடுங்கள்.